அத்தையை நனைய விடக் கூடாது

உ

திருப்பதி,
9-9-2012, ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் சிவசங்கரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் கோவர்த்தனன் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. திருத்தணியில் தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாயிருக்க ஏழுமலையானும் தணிகை முருகனும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். இங்கே நாங்கள் அனைவரும் சௌக்கியம். தங்கள் தங்கை ரத்தினம்மாவும் சௌக்கியம். அவளுக்கு ஒரு சீக்கும் கிடையாது. குளித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து இன்று மத்தியானம் வரை ஒன்பது தடவை குளித்திருக்கிறாள், நான் எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். மூன்று தடவை சொல்லப் பார்த்தேன். மூன்று தடவையும் நீங்கள் "வைய்யா போன" என்று வைத்துவிட்டீர்கள். வருகிற செவ்வாய்க்கிழமை நான்கு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்து என்னை நிற்க வைத்துக் கேட்கப்போவதாகவும் கேள்விப்பட்டேன். கட்டின பெண்டாட்டியை மூன்று நாள் கட்டிலை விட்டு இறங்க விடாமல், குளிக்க விடாமல், ஒருத்தர் வீட்டுக்கும் அனுப்பாமல் வைத்திருந்தான் என்று நீங்கள் கேள்விப்பட்டது அத்தனையும் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் எதற்காக வைத்திருந்தேன் என்று உங்களுக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முப்பத்தொரு வருஷம் ஆர்டிசியில் கண்டக்டராக இருந்து, ஒரு பயணியைக்கூட ஸ்டாப்பிங் மாற்றி இறக்கிவிடாதவன் நான். கடைசி வரைக்கும் படித்துவிட்டு, அப்புறமும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று தோன்றினால் வாருங்கள், சாப்பாடு போடுகிறோம்.

இதற்கெல்லாம் மூல காரணம் தெர்மாகோல். சிரிக்காதீர்கள். உங்களுக்கே ஞாபகமிருக்கும், நகரியில் எங்கள் நைனா முதல் முதலாக ரேடியோ வாங்கி வந்தபோது அதை ஒரு பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துத்தான் கொண்டுவந்தார். தொண்ணூறுக்கு அப்புறம்தான் ஒவ்வொரு சாமானும் வெள்ளை வெளேரென்று தனக்கொரு மெத்தை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தது. டிவி வந்தது, அதற்கு நான்கு துண்டு. மிக்சி வந்தது, அதற்கு இரண்டு. எங்கள் பையன் யஸ்வந்த் இன்ஜினியரிங் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் வந்தது, அதற்கு எட்டு. அவன் அமெரிக்கா போய் டாலஸில் வேலைக்குச் சேர்ந்ததும் இந்த பிளாட்டை வாங்கிக் கொடுத்து, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், நாற்பது இன்ச் டிவி என்று ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிப் போட்டான். சாமான் கீழே, அதனுடைய மெத்தையெல்லாம் பரண்மேலே. தூக்கிப் போடலாம் என்றால் தங்கள் தங்கை விடவேண்டுமே! "வாரன்டி முடியற வரிக்கும் அட்டப் பொட்டி இருக்கணும், ரிப்பேருன்னா எதுல வெச்சி அனுப்புவ?" என்பாள். வாரன்டி முடிந்தாலும், "வீடு மாறினா எதுல வெச்சி எடுத்துக்கினு போவ?" என்பாள். நாங்கள் இந்த வீட்டை விட்டு எங்கே மாறப் போகிறோம், மச்சான்? மாறினால் ஒரே இடத்துக்குத்தான், அதற்குத் தெர்மாகோல் வேண்டாம்.

நானும் சும்மா இருக்கவில்லை. பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு மூட்டைத் தெர்மாகோலைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தார். முள் அசையவில்லை. "சார், இதுல எடையே இல்ல. உங்க வூட்டுக் காத்த நீங்களே வெச்சிக்கோங்க" என்று போய்விட்டார். முனிசிபாலிட்டி வண்டிக்காரரோ மூட்டையைப் பார்த்ததுமே கை ஆட்டிவிட்டார். மொட்டை மாடியில் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்த்தேன். கறுப்பு கறுப்பாகப் புகை கிளம்பி, மூன்றாவது மாடியில் காயப்போட்டிருந்த எட்டு வேட்டி எட்டும் கறுத்து, செக்ரட்டரி ஹரிபாபுவே நேரில் வந்து தெலுங்கில் திட்டிவிட்டுப் போனார். சரி, உடைத்துக் குப்பைப் பையில் அடைக்கலாம் என்று உடைத்தேன். அது உருண்டை உருண்டையாக உதிர்ந்து, என் கையில் ஒட்டி, வேட்டியில் ஒட்டி, மூக்குக் கண்ணாடியில் ஒட்டி, பெருக்கினால் விளக்குமாற்றில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. ரசத்தில்கூட இரண்டு மிதந்தது. ஜவ்வரிசி என்று நினைத்துத் துன்னுட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் போன வாரம் ஹரிபாபு லிப்ட் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை நாகபூஷணம் என்பவருடைய ஆட்டோ வரும், வீட்டில் இருக்கிற தெர்மாகோலை எல்லாம் அதில் கொடுக்கலாம், அதை உருக்கித் திரும்ப உபயோகப்படுத்துவார்கள், ஆனால் சுத்தமாகத் துடைத்து, ஒட்டியிருக்கிற டேப்பை எல்லாம் உரித்துவிட்டுக் கொடுக்கவேண்டும் என்று போட்டிருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டிப்போவில் இருந்து ரிட்டயர் ஆன பிறகு ஒருத்தர் என்னிடம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலையிலேயே பரணைக் காலி செய்ய ஆரம்பித்தேன். வாசற்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் பழைய துணியும் வாளியுமாக உட்கார்ந்துகொண்டிருக்கும்போது போனில் டிங் என்று ஒரு மெசேஜ். நம் மருமகள் ஹரிதா. பெங்களூரில் தன் ஆபீஸில் ரிலீவிங் லெட்டர் வாங்கப் போயிருந்தாள். அடுத்த சனிக்கிழமை கிளம்பிச் சென்னையில் பிளேன் ஏறவேண்டியவள். கல்யாணமாகிப் பதினான்கு மாதம் ஆகியும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கண்டத்துக்கு ஒருத்தராக இருந்ததும், இரண்டு தடவை விசா இல்லையென்று சொல்லி, மூன்றாவது தடவை கிடைத்ததும், அன்றைக்கு ரத்தினம்மா தெருவெல்லாம் லட்டு கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். அந்த ஹரிதா, இங்கிலீஷ் எழுத்தில், தெலுங்கு பாஷையில் இப்படி அனுப்பியிருந்தாள்: "மாமய்யா, அத்த ஜாக்ரத்த. எவரிக்கீ இவ்வகண்டி. கதபகண்டி. தடவநிவ்வகண்டி. மங்களவாரம் வஸ்தானு."

எனக்குத் தெலுங்கு தெரியாது என்று ஒரு மனுஷன் சொல்லமுடியாது. வீட்டில் தமிழ் பேசினாலும் புத்தூரிலிருந்து சூளூர்பேட்டை வரை தெலுங்கில் டிக்கெட் கிழித்தவன் நான். வார்த்தைக்கு வார்த்தை எனக்கு அர்த்தமானது: மாமா, அத்தை ஜாக்கிரதை. யாருக்கும் கொடுக்காதீர்கள். அசைக்காதீர்கள். நனைய விடாதீர்கள். செவ்வாய்க்கிழமை வருகிறேன். அத்தம்மா என்று கூப்பிடுகிறவள், மெசேஜில் எழுத்தை மிச்சம் பிடிக்க அத்த என்று போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். முந்தின வாரம்தான் ரத்தினம்மாவுக்கு இருமல் வந்து, ஹரிதாதான் அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்வந்தாள். ஐயையோ, டாக்டர் அவளிடம் தனியாக என்னவோ சொல்லியிருக்கிறார், அந்தப் பெண் எங்களுக்குச் சொல்லாமல் மறைத்துவைத்திருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். யாருக்கும் கொடுக்காதீர்கள் என்பது மட்டும் கொஞ்சம் இடித்தது. அப்புறம் யோசித்தால் அதுவும் சரிதான். முறுக்கு சுட, வடகம் போட, சீமந்தத்துக்கு வளையல் அடுக்க என்று இந்த அபார்ட்மென்டில் ஆளாளுக்கு ரத்தினம்மாவை இரவல் வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

உடனே நடவடிக்கை எடுத்தேன். சமையற்கட்டில் நின்றவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்து, "அசையாத" என்றேன். "இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்றாள். "ஒண்ணும் ஆவல. நீ அசையாத, அது போதும்" என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். மச்சான், கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் நான் போட்ட முதல் காபி அது. அவள் அதைக் குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குளிக்கப் புறப்பட்டபோது பாத்ரூம் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். "தண்ணி ஆவாது, ஈரத்துணியால முகத்த மட்டும் துடை" என்றேன். முகம் மட்டும் நனையலாமா என்று ஹரிதாவுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேட்கலாம் என்றுகூட நினைத்தேன். ஆபீஸ் வேலையாக இருப்பாளே என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கண் கட்டில்மேல், ஒரு கண் தெர்மாகோல்மேல். ஒவ்வொரு துண்டாகத் துடைத்து, ஒவ்வொரு டேப்பாக நகத்தால் உரித்து, என் வேலை என் வேலைதான் என்று தெரியவேண்டாமா, மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றிலும் "கோ., பிளாட் 304" என்று எழுதினேன். பெரிய டிவியின் அட்டைப் பெட்டி, அதனுடைய நான்கு துண்டு, எல்லாவற்றையும் நானே சுமந்து கீழே கொண்டுபோய் நாகபூஷணத்தின் ஆட்டோவில் ஏற்றினேன். அவர், "இம்மாம் சுத்தமா இந்த ஊர்ல யாரும் குடுத்ததில்ல சார்" என்றார். ஹரிபாபு எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேலே வந்து பார்த்தால் பரண் காலி. நடுவீட்டில் நின்று கையை நீட்டினால் எதிலும் இடிக்கவில்லை. என்ன நிம்மதி! கட்டிலில் தங்கள் தங்கை மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

நான் கீழே போயிருந்தபோதுதான் அவள் உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். "அண்ணா, எனக்கு இன்னாவோ பெரிய சீக்கு, இவரு மறைக்கிறாரு. காப்பி போட்டுக் குடுக்கிறாரு அண்ணா" என்று அழுதாளாம். காபியைக் கேட்டதும் நீங்களும் பயந்துவிட்டீர்களாம். இது எனக்கு அப்போது தெரியாது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஹரிதா வந்தாள். வந்தவள் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல், "மாமய்யா, நேனு செப்பிந்தி ஜாக்ரத்தகா பெட்டாரா?" என்றாள். நான் சொன்னதைப் பத்திரமாக வைத்தீர்களா என்று கேட்கிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பெட்டானம்மா! யாருக்கும் குடுக்கல, அசைக்கல, ஒரு சொட்டுத் தண்ணி படல. அதோ!" என்று கட்டிலைக் காட்டினேன். மூன்று நாள் தலைக்குத் தண்ணீர் காணாத ரத்தினம்மா, போர்வைக்குள்ளிருந்து, "வாம்மா, உண்மைய நீயாவது சொல்லு. எனக்கு எத்தினி நாளு?" என்று கேட்டாள்.

ஹரிதா அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அண்ணாந்து காலிப் பரணைப் பார்த்தாள். "அத்தம்மா காதண்டி! அட்ட! அட்ட! டிவி அட்ட!" என்று ஒரு கத்தல், அத்தை இல்லை என்கிறாள். அப்போதுதான் மச்சான், அந்த வார்த்தையை நான் காதால் கேட்டேன். அட்டைப் பெட்டிக்குத் தெலுங்கில் அட்ட. அத்தைக்கு அத்த. இங்கிலீஷ் எழுத்தில் போட்டால் இரண்டுக்கும் ஏ, டி, டி, ஏ. ஒரு கொம்பு இல்லை, ஒரு சுழி இல்லை, அது அட்டையா அத்தையா என்று படிக்கிறவன் தலையெழுத்தைப் பொறுத்தது. நாம் தமிழில் வந்தாள் என்றும் வந்தது என்றும் பிரித்துச் சொல்லுவோம். தெலுங்கில் வண்டி வந்தாலும் வஸ்துந்திதான், பெண்பிள்ளை வந்தாலும் வஸ்துந்திதான். இதில் நான் எதைக் கண்டேன்?

"அட்டையில இன்னாம்மா இருந்திச்சி?" என்றேன். அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பாஸ்போர்ட், மாமய்யா. விசா அடிச்ச பாஸ்போர்ட்." பக்கத்து பிளாக்கில் பீரோவை உடைத்துத் திருடினார்களே, அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குப் பயமாம். எந்தத் திருடனும் பீரோவைத்தான் உடைப்பான் என்று, பாஸ்போர்ட்டை ஒரு வெள்ளைக் கவரில் போட்டு, டிவி தெர்மாகோலின் குழிக்குள் வைத்து, வெள்ளை டேப் ஒட்டி, அட்டைக்குள் சொருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். "தர்மாகோல எவரு முட்டுக்குண்டாரு அனுகுன்னா!" தெர்மாகோலை யார் தொடப்போகிறார்கள் என்று நினைத்தாளாம். நான் இருக்கும்போது இப்படி நினைக்கலாமா?

நான் விரல் விட்டு எண்ணினேன். சனிக்கிழமை கிளம்பவேண்டும். பாஸ்போர்ட் போனால் மறுபடி போலீஸ், மறுபடி பாஸ்போர்ட், மறுபடி விசாவுக்கு வரிசை, இன்னும் ஒரு வருஷமா இரண்டு வருஷமா தெரியாது. அங்கே பிள்ளை ஒண்டியாகப் பிரெட்டைத் துன்னுக்கினு கிடக்கிறான். ரத்தினம்மா கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். தனக்கு ஒரு சீக்கும் இல்லை என்று சந்தோஷப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. "கிளம்புங்க. அந்தக் குழந்த அங்க போய்ச் சேரலன்னா நீங்க இந்த வூட்டுக்குள்ள வராதீங்க" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டேன்.

ரேணிகுண்டா ரோட்டில் நாகபூஷணத்தின் ஷெட்டுக்கு ஓடினோம். "நேத்தே லோடு சித்தூரு போய்ட்சி சார். மிஷினு அங்கதான் கீது" என்றார். டாக்சி பிடித்தோம். சந்திரகிரி தாண்டும்போது ஹரிதா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுக்கினே வந்தாள். மச்சான், நான் அந்தப் பெண்ணை மருமகள் என்று சொன்னாலும் மகளாகத்தான் நினைத்திருக்கிறேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டாமல் இருந்ததுதான் தாங்கவில்லை. நான் வாய்க்கு வந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். காணிப்பாக்கம் போர்டைப் பார்த்ததும் வண்டியில் இருந்தபடியே பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் சொல்லிவிட்டேன்.

சித்தூருக்கு வெளியே ஒரு தகர ஷெட். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் தெர்மாகோலைப் போட்டால் மறுபக்கம் சூடாகக் களி மாதிரி பிதுங்கி வந்து, ஆறினதும் கட்டியாகிவிடுகிறது. நம் ஹால் நிறைய இருந்ததெல்லாம் ஒரு செங்கல் அளவுக்கு வருமாம். அதைப் போட்டோ பிரேம் செய்கிறவர்கள் வாங்கிப்போவார்களாம். அந்தக் களிக்குள் நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். மெஷின் பக்கத்தில் முழங்கால் வரை வெள்ளை உருண்டை ஒட்டிக்கொண்டு ஒரு அம்மாள் நின்றிருந்தாள். பேர் பாப்பாத்தி, குப்பம் பக்கத்தில் குடுபல்லியாம். நம் தமிழ்தான் பேசினாள். நான் ஓடிப்போய், "அம்மா, பிளாட் 304, கோ. என்று எழுதின தெர்மாகோல்..." என்றேன். மூச்சு வாங்கியது.

"ஓ! அந்த முன்னூத்தி நாலு நீதானா?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "இன்னா சாரே, பேரெல்லாம் எழுதி அனுப்பிகிற? கல்யாணச் சீரா அது?"

"அம்மா, அது எங்கே?"

"மிஷினுக்குள்ள போய்ட்சி."

ஹரிதா பக்கத்தில் ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூட்டைக்கு எடையே இல்லாததால் அவளும் மூட்டையும் சேர்ந்து சாய்ந்துவிட்டார்கள். பாப்பாத்தி அவளைத் தூக்கி நிறுத்தி, கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஏம்மா, பாஸ்புக்குல கீற பொண்ணு நீதானே?" என்றாள்.

அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அழுக்கா வர்றத நாங்க ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்து, டேப்பு அட்டயெல்லாம் கயட்டிட்டு அப்பால போடுவோம். சுத்தமா வந்தா பாக்கவே மாட்டோம், நேரா மிஷினுக்குத்தான். உன்னுதுல எல்லாமே சுத்தமா இருந்திச்சா, அள்ளி அள்ளிப் போட்டுக்கினு இருந்தேன். கடைசித் துண்டுல குழிக்குள்ளாற ஒரு டேப்பு. எனக்கு வந்திச்சி பாரு கோவம்! இம்மாம் தொடச்ச மனுசன் இந்த ஒண்ண வுட்டுட்டானேன்னு திட்டிக்கினே இழுத்தா, பாஸ்புக்கு வுழுது. பொண்ணு போட்டோ வேற கீது. மவராசி, பேங்க்குல பணம் எடுக்க முடியாம தவிக்குமேன்னு சாமிகிட்ட வெச்சிட்டேன்." சுவரில் இருந்த சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அட்டையில் நாலு ஓரத்திலும் மஞ்சள் வைத்திருந்தாள். உள்ளே விசா பத்திரமாக இருந்தது.

அதாவது மச்சான், நான் ஒழுங்காகச் செய்த வேலை முழுவதும் அந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போடப் பார்த்திருக்கிறது. நான் பார்க்காமல் விட்ட ஒரு டேப்தான் காப்பாற்றியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பாப்பாத்தி கையைப் பிடித்துக்கொண்டு என்ன கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். "ஒண்ணும் வோணாம் சாரே. எங்க ஆளுங்க இதுக்கு மின்ன கல்லு உடச்சிக்கினு இருந்தோம். இப்ப இத உடைக்கிறோம். இது தேவல, கால்ல வுழுந்தா வலிக்காது. இனிமே மீனுப் பொட்டி, துன்ன மிச்சம் ஒட்டினதெல்லாம் அனுப்பாதீங்கன்னு உங்க ஊர்ல சொல்லு, அது போதும்" என்றாள். ஹரிதா அவளைக் கட்டிக்கொண்டாள். பிரிக்கும்போது இரண்டு பேர் மேலும் சமமாக உருண்டைகள் ஒட்டியிருந்தன.

வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டைக் காட்டினதும், ரத்தினம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னிடம் பாத்ரூம் சாவியைக் கேட்டாள். ஒரு மணி நேரம் குளித்தாள். வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "முப்பத்தெட்டு வருசத்துல ஒரு நாளு எனக்கு ஒரு காப்பி. அதுவும் அட்டப் பொட்டிக்குன்னு வந்த உபசாரம்." அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை. வியாழக்கிழமை காலை யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு காபி போட்டு அவள் முன்னால் வைத்தேன். "யாருக்கு இது, எந்தப் பொட்டிக்கு?" என்றாள். "உனக்குதான்" என்றேன். குடித்துவிட்டு, "சக்கர இல்ல" என்றாள். பேசிவிட்டாள் அல்லவா! மறுநாளும் போட்டேன், அதற்கு மறுநாளும் போட்டேன். ஆகையால் நீங்கள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வரவேண்டிய அவசியம் இப்போது கிடையாது என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நேற்று ஹரிதாவைச் சம்பந்தி தன் காரில் சென்னைக்குக் கூட்டிப்போனார். போகிற வழியில் சூளூர்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் சாப்பாடு என்றார்கள். இன்று காலை பிளேன் ஏறிவிட்டாள். ஏறுவதற்கு முன்னால் எனக்கு ஒரு மெசேஜ்: "மாமய்யா, ரேப்பு உதயம் சூளூர்பேட்ட நுஞ்சி அட்ட வஸ்துந்தி. ஸ்டேஷன்கி வெள்ளி தீஸுக்குரண்டி. ஜாக்ரத்த." மறுபடி அதே ஏ, டி, டி, ஏ! நான் சிரித்துக்கொண்டேன். பழைய கோவர்த்தனனாக இருந்தால் இதிலும் ஏமாந்திருப்பான். பிளேனில் எடை அதிகமாகிவிடும் என்று ஒரு அட்டைப் பெட்டியைச் சூளூர்பேட்டையில் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அது நாளைக் காலை ரயிலில் வருகிறது, ஸ்டேஷனுக்குப் போய் எடுத்து வரவேண்டும். தெளிவாக இருக்கிறது. "அட்டை வந்தால் வாங்கிக்கொள்கிறேன், கவலைப்படாதே" என்று பதில் போட்டுவிட்டு, பெட்டியை ஏற்றிவர நாகபூஷணத்தின் ஆட்டோவையும் சொல்லி வைத்தாயிற்று.

இன்றைய தேதியில் என் வீட்டில் ஒரு துண்டு தெர்மாகோல் கிடையாது. பிள்ளையும் மருமகளும் சேரப்போகிறார்கள். பெண்டாட்டி பேசுகிறாள். தெலுங்கும் முழுதாகப் புரிந்துவிட்டது. இந்த வயதில் ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும், சின்னவர்களுக்கு ஆசீர்வாதமும், தங்களுக்கு மன்னிப்புக் கேட்கிற கும்பிடு ஒன்றும். நாளைக் காலை பத்து மணி திருத்தணி பஸ் கண்டக்டரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன், பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் அடக்கமும் உள்ள,
கோ. கோவர்த்தனன்.

பின்குறிப்பு: திங்கட்கிழமை காலை ஒன்பதரை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, சுருக்கமாக எழுதுகிறேன். ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்று ஒவ்வொரு அட்டைப் பெட்டியாகப் புரட்டிப் பார்த்தேன். வரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், ஹாலில் சொட்டச் சொட்ட நனைந்துபோய் ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். ஹரிதாவின் சொந்த அத்தை, சம்பந்தியின் தமக்கை, லட்சுமம்மா. சூளூர்பேட்டைதானாம். பத்து நாள் நம் வீட்டில் தங்கி மலையேறிச் சாமி பார்க்க வந்திருக்கிறார். ஒன்றாவது பிளாட்பாரத்தில் கூரை இல்லாத பக்கம் மழையில் நின்று, நான் வருவேன் வருவேன் என்று பார்த்துவிட்டு, கடைசியில் தானே ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். வெறுங்கையோடு வரவில்லை. புலிகாட் ஏரி இறால் ஐந்து கிலோ, ஐஸ் போட்டு, கட்டில் அளவுக்கு ஒரு தெர்மாகோல் பெட்டியில். சுற்றிச் சுற்றி எட்டு முழம் டேப். ஐஸ் உருகி ஹாலெல்லாம் மீன் தண்ணீர். பாப்பாத்தி இதைத் தொடமாட்டாள். ரத்தினம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு மறுபடி பேச்சை நிறுத்திவிட்டாள். தாங்கள் தயவுசெய்து செவ்வாய்க்கிழமை அந்த நான்கு பேரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வரவும், இறால் நிறைய இருக்கிறது.

இந்த வரியை எழுதும்போது போன் டிங் என்கிறது. ஹரிதா டாலஸில் இறங்கிவிட்டாள், யஸ்வந்த் பக்கத்தில் நிற்கிறானாம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மச்சான். கீழே ஒரு வரி கேட்டிருக்கிறாள்: "அத்த சேரிந்தா?" வந்து சேர்ந்ததா என்கிறாளோ, சேர்ந்தாரா என்கிறாளோ, எதுவானாலும் பதில் ஒன்றுதான். அவள் பாஷையிலேயே, அவள் எழுத்திலேயே, உள்ளதை உள்ளபடி போட்டுவிட்டேன்: "சேரிந்தி. தடிசிபோயிந்தி." வந்தாயிற்று, நனைந்துவிட்டது.